ஒரு சென்டிமீட்டர் எங்கே போனது?

எங்கள் நடுநிலைப் பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி மையமும் இருக்கிறது. மதிய உணவு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தூங்குவது சிமெண்ட் தரையில். மார்கழி மாதத்தில் பாய் விரித்தாலும் சில்லென்றுதான் இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரும் ஆளுக்கு ஒரு துண்டு தைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விரிப்பாக்கிக் கொடுக்கலாம் என்ற யோசனை அப்படி வந்ததுதான். பழைய சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பது நம் வீடுகளில் புதிதல்ல. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்னும் போர்வை தைக்கிறார்கள். ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் 'ரல்லி' இருக்கிறது. வங்கத்தில் 'காந்தா' இருக்கிறது.

நாங்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலாக இருந்த 'பிளாக்' முறை. சிறு சிறு துண்டுகளை இணைத்து ஒரு சதுரக் கட்டம் செய்து, கட்டங்களைச் சேர்த்துப் போர்வை ஆக்குவார்கள். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நான் கணித ஆசிரியை என்பதுதான். சதுரம், மூலைவிட்டம், முக்கோணம் எல்லாம் அதில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பிடித்த ஓலைக் காற்றாடி போலவே ஒரு கட்டம் உண்டு. இருண்ட நிறம் பாதி, வெளிர் நிறம் பாதியாக மூலைவிட்டத்தில் பிரிந்த நான்கு சதுரங்களைச் சுழலும் திசையில் அடுக்கினால் காற்றாடி வந்துவிடும்.

அந்தப் பாதிக்குப் பாதிச் சதுரத்தைத்தான் குயில்ட் தைப்பவர்கள் 'ஹாஃப் ஸ்கொயர் டிரையாங்கிள்' என்கிறார்கள். வகுப்பில் நாங்கள் அதற்கு 'இருநிறச் சதுரம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். பார்க்க எளிதாக இருக்கும். அளவு பிசகாமல் தைப்பது எளிதல்ல. அதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும், அதில் நான் செய்த ஒரு தவறையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள்

எங்கள் பகுதிநேரத் தையல் ஆசிரியை அன்று பள்ளிக்கு வரும் நாள் அல்ல. கால் மெஷின்கள் இரண்டே இரண்டு. எனவே முதலில் ஐந்து பேர் மட்டும் தைப்பது என்று முடிவு செய்தோம். கணக்கை நான் கரும்பலகையில் போட்டேன். ஒவ்வோர் இருநிறச் சதுரமும் தைத்து முடித்த பிறகு 8 செ.மீ. தெரிய வேண்டும். நான்கு பக்கமும் தையலுக்கு 7 மி.மீ. ஓரம் விட வேண்டும். ஆக 8 + 0.7 + 0.7 = 9.4 செ.மீ. "எல்லாரும் 9.4 செ.மீ. பக்கமுள்ள சதுரமா வெட்டுங்க. இருண்ட துணி ரெண்டு, வெளிர் துணி ரெண்டு."

ஒரு மாணவி மட்டும் 11 செ.மீ. சதுரங்களாக வெட்டி வைத்திருந்தாள். வீட்டிலிருந்து அவள் கொண்டு வந்திருந்த மஞ்சள் துணியும், கருநீலத் துணியும். கணிதத் தேர்வில் அவளுடைய விடைத்தாளில் நான் அடிக்கடி எழுதும் சொல் 'கவனக்குறைவு'. "போர்டுல என்ன அளவு எழுதியிருக்கு? பாத்துதான் வெட்டினியா?" என்று கேட்டேன். "கொஞ்சம் பெருசா இருக்கட்டும்னு விட்டேன் டீச்சர்" என்றாள். "சொன்ன அளவைக் கேக்கவே மாட்டியா?" என்று சொல்லிவிட்டு, நானே கத்தரிக்கோலை எடுத்து நான்கு சதுரங்களையும் 9.4 செ.மீட்டருக்கு நறுக்கினேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

தைத்து முடித்து அளந்தபோது ஐந்து பேருடைய சதுரங்களும் 9.4 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 8.4 செ.மீ. இருந்தன. சில 8.3, சில 8.2. ஓரம் அதிகமாக வைத்துத் தைத்துவிட்டீர்கள் என்று மீண்டும் பிள்ளைகளையே சொன்னேன். அந்த மாணவி தான் தைத்ததைத் திருப்பிப் போட்டு, ஸ்கேலை வைத்துக் காட்டினாள். "ஏழுதான் டீச்சர் இருக்கு." மற்றவர்களுடையதையும் அளந்தேன். பெரும்பாலும் ஏழுதான். தையலில் பெரிய தவறு இல்லை. கணக்கில்தான் ஒரு சென்டிமீட்டர் காணவில்லை.

காணாமல் போன அளவு

அன்றிரவு வரைபடத்தாளில் வரைந்து பார்த்தேன். அதற்கு முன் தைக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். இருண்ட சதுரம் ஒன்றையும் வெளிர் சதுரம் ஒன்றையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்குகிறோம். மேலே உள்ள துணியின் பின்பக்கத்தில் மூலைவிட்டம் வரைகிறோம். அதற்கு இருபுறமும் 7 மி.மீ. தள்ளி இரண்டு தையல் போடுகிறோம். பிறகு மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் விரித்தால் ஓர் இருநிறச் சதுரம். ஒரு தடவைக்கு இரண்டு கிடைத்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்கு வெளிப் பக்கங்களின் தையல் ஓரத்தை நான் கூட்டினேன். நடுவில், மூலைவிட்டத்தில் ஓடும் தையலும் துணியைத் தின்கிறது. அதை மறந்துவிட்டேன். அது எவ்வளவு தின்கிறது?

வெட்டிய பின் கிடைக்கும் துண்டு இருசமபக்கச் செங்கோண முக்கோணம். அதன் கர்ணத்துக்கு இணையாக 7 மி.மீ. உள்ளே தள்ளித் தையல் ஓடுகிறது. அந்தத் தையல் முக்கோணத்தின் பக்கத்தைத் தொடும் புள்ளியிலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அதன் நீளம் 7 மி.மீ. மூலையில் உள்ள கோணம் 45°. எனவே அந்த மூலையில் உருவாகும் குட்டி முக்கோணமும் இருசமபக்கச் செங்கோண முக்கோணமே. அதன் இரண்டு சம பக்கங்களும் 7 மி.மீ. எட்டாம் வகுப்பில் நாம் நடத்தும் பிதாகரஸ் தேற்றம் இங்கே போதும்: 49 + 49 = 98. 98-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9.9. அதாவது மூலைவிட்டத் தையல் சதுரத்தின் பக்கத்தில் 7 மி.மீ. அல்ல, கிட்டத்தட்ட 10 மி.மீட்டரை எடுத்துக்கொள்கிறது. காணாமல் போன ஒரு சென்டிமீட்டர் அதுதான்.

ஆக, சரியான கணக்கு இது:
முடிந்த அளவு 8 செ.மீ.
வெளிப்பக்கத் தையல் ஓரங்கள் 0.7 + 0.7 = 1.4 செ.மீ.
மூலைவிட்டத் தையலுக்கு 1 செ.மீ.
மொத்தம் 10.4 செ.மீ.

அங்குலத்தில் தைப்பவர்கள் கால் அங்குல ஓரம் விடுவார்கள். 'முடிந்த அளவுடன் 7/8 அங்குலம் கூட்டி வெட்டு' என்பது அவர்களுடைய வாய்ப்பாடு. அதுவும் இதே கணக்குதான். இரண்டு ஓரத்துக்கு அரை அங்குலம். மூலைவிட்டத் தையலுக்குக் கால் அங்குலத்தின் 1.414 மடங்கு, அதாவது சுமார் 0.354 அங்குலம். அதைச் சற்றே தாராளமாக 3/8 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7/8. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. நாங்கள் 7 மி.மீ. எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பிள்ளைகளின் ஸ்கேலில் அந்தக் கோடு இருக்கிறது. மூலைவிட்டத்தில் அது கிட்டத்தட்ட முழுதாக ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடுவது பிறகு தெரிந்த வசதி.

10.4 சரியான விடை. ஆனால் வெட்ட வேண்டிய அளவு அதுவும் அல்ல. அதைத் தையல் ஆசிரியை மறுநாள் சொன்னார். "10.4 வெட்டினா, கோடு ஒரு நூல் நகர்ந்தாக்கூடச் சரிபண்ண இடமிருக்காது. 11 வெட்டுங்க. தைச்சதுக்கு அப்புறம் 9.4-க்கு நறுக்கிக்கலாம்." அந்த மாணவி வெட்டி வைத்திருந்த அளவு 11.

அவளுடைய அம்மா வீட்டில் ஜாக்கெட் தைப்பவர். ஜாக்கெட்டின் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டுத் தைப்பதை அவள் சிறுவயது முதல் பார்த்திருக்கிறாள். வெட்டிய துணியைக் குறைக்கலாம், கூட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். காரணத்தைச் சொல்லத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

முக்கோணமாகவே வெட்டித் தைத்தால் என்ன?

பிள்ளைகள் கேட்ட நல்ல கேள்வி இது. முதலிலேயே முக்கோணங்களாக வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆகாதா? ஆகும். ஆனால் அளவு நிற்காது. இதைப் புரியவைக்க ஒரு கைக்குட்டை போதும். பாவு நூல் ஓடும் திசையில் இழுத்தால் துணி அதிகம் நீளாது. ஊடு நூல் திசையில் சற்றே நீளும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் நன்றாக நீண்டு, நடுவில் குறுகும். மூலைவிட்டத் திசையில் எந்த நூலும் ஓடவில்லை. பாவும் ஊடும் பின்னிய சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகச் சரிகின்றன. தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்வது இந்தத் திசையைத்தான். கழுத்து வளைவுக்குக் கிராஸ் பட்டை வைத்துத் தைப்பதும் அது வளைந்து கொடுக்கும் என்பதால்தான்.

அங்கே உதவும் குணம் இங்கே தொல்லை. முக்கோணத்தின் நீண்ட பக்கம் முழுவதும் கிராஸ். கையில் எடுத்தாலே நீளும், மெஷினில் போனால் இன்னும் நீளும். ஆகவேதான் சதுரமாக இருக்கும்போதே தைத்துவிட்டுப் பிறகு வெட்டுகிறோம். வெட்டும் நேரத்தில் அந்தப் பக்கத்தைத் தையல் பிடித்துக்கொண்டிருக்கும்.

துணியைத் துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, கஞ்சி போட்டுக் காயவைத்து, இஸ்திரி செய்த பிறகே வெட்ட வேண்டும். கஞ்சி போட்ட துணி சரிவது குறையும். கூடுமானவரை ஒரே கனமுள்ள பருத்தித் துணியாக இருக்கட்டும். பனியன் துணி எல்லாத் திசையிலும் நீளும் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது. சதுரத்தின் பக்கங்கள் நூலோட்டத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். ஒரு நூலை உருவி எடுத்து, அந்தத் தடத்தில் வெட்டினால் பிசகாது.

கோடும் தையலும்

1. வெளிர் சதுரத்தின் பின்பக்கத்தில் கோடு போடுங்கள். பென்சில் இழுக்கும்போது துணி நகரும். அடியில் ஓர் உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் நகராது. நன்றாகச் சீவிய பென்சில் வேண்டும். மொக்கைப் பென்சிலின் கோடே ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும்.

2. மொத்தம் மூன்று கோடுகள். நடுவில் மூலைவிட்டம், அது வெட்டும் கோடு. இருபுறமும் 7 மி.மீ. தள்ளி இரண்டு தையல் கோடுகள். மூலைமட்டத்தை மூலைவிட்டத்தின் மேல் நிறுத்தி இரண்டு மூன்று இடங்களில் 7 மி.மீ. புள்ளி வைத்துக்கொண்டு, பிறகு ஸ்கேலால் இணைத்தால் இணைகோடு சரியாக வரும்.

3. இரண்டு சதுரங்களையும் அடுக்கி, குண்டூசிகளைத் தையல் பாதையில் வராதபடி குத்துங்கள்.

4. துணியின் கூர்மூலையிலிருந்து தையலைத் தொடங்கினால் மெஷின் அந்த மூலையை ஊசித் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். முதலில் வேண்டாத துண்டு ஒன்றில் நாலு தையல் ஓட்டி, நிறுத்தாமல் சதுரத்துக்குள் போக வேண்டும். ஒன்று முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த சதுரத்தை வைத்தால், மாலைபோல் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

5. தையல், கோட்டின் மேல் ஓட வேண்டும். மேலும் சரியாகச் சொன்னால், கோட்டின் உட்பக்க விளிம்பில், அதாவது மூலைவிட்டத்தை நோக்கிய பக்கத்தில், மயிரிழை தள்ளி ஓட வேண்டும். துணியை விரித்து மடிக்கும்போது அந்த மடிப்புக்கும் நூலின் தடிமனுக்கும் கொஞ்சம் துணி செலவாகிறது. அதை ஈடுகட்டத்தான் இந்த மயிரிழை.

6. துணியைக் கையால் இழுக்கக் கூடாது. மெஷினின் பல் தானாகத் தள்ளும். நம் கை வழிகாட்டினால் போதும்.

அமுக்குவது, தேய்ப்பது அல்ல

இங்கேதான் நல்ல தையலும் கெட்டுப்போகிறது. சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல் பெட்டியை முன்னும் பின்னும் தேய்த்தால், சதுரம் கிராஸ் திசையில் நீண்டு சாய்சதுரம் ஆகிவிடும். பெட்டியை வைத்து, அமுக்கி, தூக்கி எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

முதலில் துண்டை விரிக்காமல் தையலின் மேலேயே ஒருமுறை அமுக்குங்கள். நூல் துணிக்குள் பதிந்துகொள்ளும். பிறகு இருண்ட துணி மேலே இருக்கும்படி வைத்து, அதை விரித்து, தையல் ஓரம் இருண்ட பக்கம் சாயும்படி அமுக்குங்கள். இருண்ட ஓரம் வெளிர் துணிக்கு அடியில் நிழல்போல் தெரியாமல் இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு சதுரங்களை நேருக்கு நேர் வைத்துச் சேர்க்கும்போது ஒன்றின் ஓரம் ஒரு பக்கமும் மற்றதன் ஓரம் எதிர்ப்பக்கமும் இருப்பதால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். விரலால் தடவினாலே தெரியும். இஸ்திரிப் பெட்டி வேலையை மட்டும் ஆசிரியரே செய்வது நல்லது.

அளவுக்கு நறுக்குதல்

11 செ.மீ. சதுரத்திலிருந்து வருவது ஏறக்குறைய 10 செ.மீ. இருநிறச் சதுரம். அதை 9.4 செ.மீட்டருக்கு நறுக்க வேண்டும். பக்கத்துக்கு 3 மி.மீ. போகும். இதற்கென விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய ஓ.எச்.பி. தாளிலோ கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் அட்டையிலோ 9.4 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி, அதில் மூலைவிட்டத்தைக் கீறிக்கொள்ளுங்கள். வழியே பார்க்க முடிவதுதான் முக்கியம். அதைத் துணியின் மேல் வைத்து, கீறிய மூலைவிட்டம் தையலின் மேல் சரியாகப் படியும்படி நகர்த்துங்கள். முதலில் தையலைப் பாருங்கள், ஓரங்களை அப்புறம் பார்க்கலாம். தையல் படிந்ததும் நான்கு பக்கமும் கோடு போட்டு வெட்டுங்கள். மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காதுகளும் அதோடு போய்விடும்.

தையல் சரியாக மூலையிலிருந்து மூலைக்கு ஓட வேண்டும் என்பதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? காற்றாடியின் நடுவில் எட்டு முக்கோணங்களின் முனைகள் ஒரே புள்ளியில் கூடுகின்றன. ஒரு சதுரத்தில் தையல் மூலையை விட்டு 2 மி.மீ. விலகியிருந்தால் அதன் முனை அந்தப் புள்ளிக்கு வராது. மழுங்கித் தெரியும், அல்லது அடுத்த துணிக்கு அடியில் போய்விடும்.

மூன்று பட்டைச் சோதனை

சதுரங்கள் சரியாக வந்துவிட்டன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் தையலும் 7 மி.மீட்டராக இருக்க வேண்டுமே. அதற்கு மெஷினில் ஒரு வேலி போட்டுக்கொண்டோம். வரைபடத்தாளில் ஒரு துண்டை ஒரு கோட்டின் மேல் சரியாக வெட்டி, அந்த ஓரத்திலிருந்து ஏழாவது மில்லிமீட்டர் கோட்டில் ஊசி இறங்கும்படி சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். தாளின் ஓரம் எங்கே நிற்கிறதோ அங்கே மெஷின் தட்டில் பிளாஸ்திரியை நான்கைந்து அடுக்காக ஒட்ட வேண்டும். துணியின் ஓரம் அந்தப் படியைத் தொட்டுக்கொண்டே போனால் போதும்.

வேலி சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அரை மில்லிமீட்டர் பிழையை ஸ்கேலில் படிக்க முடியாது. அதைப் பெருக்கிக் காட்டத்தான் இந்தச் சோதனை. 5 செ.மீ. அகலமுள்ள பட்டைகள் மூன்றை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, அமுக்கி, மொத்த அகலத்தை அளக்க வேண்டும். 15 செ.மீட்டரில் இரண்டு தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு ஓரம். ஆக நான்கு முறை 0.7 போகும். 15 - 2.8 = 12.2 செ.மீ. வர வேண்டும். 12.0 வந்தால் 2 மி.மீ. பிழை நான்கு ஓரங்களில் பகிர்ந்திருக்கிறது. அதாவது வேலி அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஒரு தாளின் தடிமனைக் காண நூறு தாள்களை அடுக்கி அளந்து நூறால் வகுக்கச் சொல்கிறோமே, அதே வழிதான்.

எங்கள் மெஷின் ஒன்றில் 12.2 வந்தது. மற்றொன்றில் 11.8. தைத்தது ஒரே மாணவன். இரண்டாவது மெஷினில் வேலியை ஒரு மில்லிமீட்டர் ஊசிப் பக்கம் நகர்த்தி ஒட்டியதும் சரியாகிவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால், அந்த மெஷினில் தைத்தவர்களையெல்லாம் 'ஒழுங்காகத் தைக்கத் தெரியவில்லை' என்று சொல்லியிருப்பேன்.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்?

எங்கள் விரிப்பில் குறுக்காக நான்கு கட்டங்கள், நெடுக்காக ஐந்து. ஒவ்வொரு கட்டமும் 16 செ.மீ. ஆகையால் விரிப்பு 64 செ.மீட்டருக்கு 80 செ.மீ. குறுக்கு வரிசை ஒன்றில் எட்டு இருநிறச் சதுரங்கள் உண்டு. அவற்றுக்கிடையே ஏழு தையல்கள். ஒவ்வொரு தையல் ஓரமும் 1 மி.மீ. கூடினால் ஒரு தையலுக்கு 2 மி.மீ. வீதம் வரிசை 14 மி.மீ. குறையும். சதுரங்களை நறுக்காமலே சேர்த்து, மூலைவிட்டத் தையலிலும் அதே 1 மி.மீ. பிழை இருந்தால் சதுரத்துக்கு 1.4 மி.மீ. வீதம் இன்னும் 11 மி.மீ. குறையும். மொத்தம் 25 மி.மீ., கிட்டத்தட்ட ஓர் அங்குலம். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

இதைப் பிள்ளைகள் தாங்களே கணக்கிட்டபோது, நறுக்குவதன் பயன் அவர்களுக்கு விளங்கியது. நறுக்கும்போது மூலைவிட்டப் பிழை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது, அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. கை நடுங்கித் தைத்தவருடைய சதுரமும், நேர்த்தியாகத் தைத்தவருடைய சதுரமும் நறுக்கிய பின் 9.4 செ.மீ. தான். ஆனால் அதற்கு முதலிலேயே இடம் விட்டிருக்க வேண்டும். இடம் விடாமல் வெட்டச் சொல்லிவிட்டு, பிழை வந்தால் கையைக் குறை சொல்வது நியாயமில்லை.

மஞ்சள் கட்டம்

முதல் நாள் தைத்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு வேறு துணி இருந்தது. மறுபடி 11 செ.மீட்டருக்கு வெட்டிக்கொண்டார்கள். அந்த மாணவியின் மஞ்சள் துணி அவ்வளவுதான். நான் நறுக்கிப் போட்டதில் மிஞ்சியவை ஒன்றரை சென்டிமீட்டர் அகல ஓரங்கள்; எதற்கும் உதவாதவை.

மறுநாள் வகுப்பில் வரைபடத்தாளைக் கரும்பலகையில் ஒட்டி, என் கணக்கில் எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் வெட்டிய அளவே சரி என்பதையும், அதைக் கெடுத்தது நான் என்பதையும் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். ஆனால் வேறு துணி தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வழி சொன்னது தையல் ஆசிரியைதான். அவளுடைய நான்கு சதுரங்களையும் 8.2 செ.மீட்டருக்கு ஒரே அளவாக நறுக்கினோம். சேர்த்தபோது காற்றாடி 15 செ.மீ. வந்தது. மற்றவர்களுடைய கட்டங்கள் விரிப்பில் சேர்க்கும் முன் 17.4 செ.மீ. இருந்தன. அந்த 2.4 செ.மீ. குறையை நிரப்பச் சுற்றிலும் பட்டை வைக்க வேண்டும். பட்டையின் அகலம் எவ்வளவு? இதை வகுப்புக்கே கணக்காகக் கொடுத்தேன். பலர் 1.2 செ.மீ. என்றார்கள். அவள்தான், "தையலுக்கு விடணும்ல டீச்சர்" என்றாள். ஒரு பட்டைக்கு இருபுறமும் 0.7 கூட்டி 2.6 செ.மீ. சரிபார்த்தோம்: 15 + 2.6 + 2.6 = 20.2. இரண்டு தையலில் போவது 2.8. மீதி 17.4.

விரிப்பு முடிந்தபோது இருபது காற்றாடிகளில் ஒன்று மட்டும் சற்றே சிறியதாக, கருநீலப் பட்டைக்குள் இருந்தது. பார்த்தவர்கள் அதை வேண்டுமென்றே செய்த அழகு என்றுதான் நினைத்தார்கள். விரிப்பு இன்றும் அங்கன்வாடியில் இருக்கிறது. அவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

விடைத்தாளில் 'கவனக்குறைவு' என்று எழுதுவதை நான் முற்றிலும் விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எழுதும் முன் "எப்படிச் செஞ்ச, சொல்லு" என்று ஒரு தடவை கேட்கிறேன். சில நேரம் பிழை பிள்ளையின் கையில் இருக்கிறது. சில நேரம் மெஷினில். சில நேரம் கரும்பலகையில் நான் எழுதியதில்.

உங்கள் பள்ளியில் ஒரு தையல் மெஷினும் கொஞ்சம் வெட்டுத்துணியும் இருந்தால், விரிப்பு தைக்கும் அளவுக்குக்கூடப் போக வேண்டாம். மூன்று பட்டைச் சோதனையை ஒரு பாடவேளையிலும், ஒரே ஓர் இருநிறச் சதுரத்தை இன்னொரு பாடவேளையிலும் செய்து பாருங்கள். முதலில் 9.4 செ.மீ. சதுரங்களை வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். காணாமல் போகும் ஒரு சென்டிமீட்டரை அவர்களே தேடட்டும்.